தும்மினால் உட்கார வேண்டும்

சளி, சளி, சளி! இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இந்த வயதிலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. எனக்கு ஒன்பது வயதான வருஷம், ஏறக்குறைய மூன்று மாதம், நான் தும்மிய தும்மல் அத்தனைக்கும் எங்கள் வீட்டில் வைத்த பெயர் சளி. சளி இல்லை என்று மூக்குக்குச் சொந்தக்காரி நானே சொன்னேன். யார் கேட்டார்கள்? நம் காலத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உனக்கு என்ன செய்கிறது என்று விசாரிக்கிற வழக்கமே கிடையாது. பெரியவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், அவர்களே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பெயருக்குத்தான் வைத்தியம் நடக்கும்.

உங்களில் சிலர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர்கள், உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர் ஆண்ட மலாயா, முப்பதுகளின் ஆரம்பம். வரிசையாகப் பலகை வீடுகள், பின்னால் சாக்கடை, அதைத் தாண்டினால் தண்டவாளம். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்கு லாலான் புல். மழை விட்டு வெயில் காயும் மாதங்களில் அந்தப் புல் பூக்கும். வெள்ளை வெளேரென்று, பூனை வால் கனத்தில் ஒவ்வொரு பூவும். ரயில் போனால் அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். நாம் பிடுங்கி ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதி விளையாடவில்லையா? உங்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும்தான் வந்தது வினை.

முதலில் மூக்கினுள் ஒரு குறுகுறுப்பு. பிறகு கண். கசக்கக் கசக்க இன்னும் அரிக்கும். அதைவிடக் கொடுமை, அண்ணாக்கு அரிக்கும். விரல் போகாத இடம் அது, எப்படிச் சொறிவது? நாக்கை மடித்து அண்ணாக்கில் தேய்த்து க்ளக், க்ளக் என்று சத்தம் போடுவேன். "பல்லி மாதிரி கத்தாதடி" என்று அம்மா தலையில் குட்டுவார். மூக்கிலிருந்து பச்சைத் தண்ணீர் மாதிரி ஓடும். அப்பாவின் பழைய கைலியில் கிழித்த நீலக் கட்டம் போட்ட துணி ஒன்று எப்போதும் என் இடுப்பில் செருகியிருக்கும். அது காய்ந்து நான் பார்த்ததில்லை.

காலை நேரத்தில்தான் தும்மல் அதிகம். அதுதான் எனக்கு எமனாக வந்தது. அப்பா ரயில் என்ஜினில் கரி தள்ளும் பயர்மேன். கருக்கலில் டியூட்டிக்குக் கிளம்புவார். எங்கள் வீட்டுச் சட்டம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும்: ஒருவர் வெளியே கிளம்பும்போது யாராவது தும்மிவிட்டால், கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போக வேண்டும். ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டையானால் பாதகமில்லை என்பார்கள். நான் ஒன்றா இரண்டா தும்மினேன்? ஒரே மூச்சில் எட்டு, ஒன்பது, பத்து. அப்பா ஒரு கையில் டிபன் கேரியரோடு கதவைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார். இரட்டையில் முடிந்தால் போவார். அவர் காலெடுத்து வைத்ததும் இன்னொன்று வரும். போச்சு! உள்ளே வந்து உட்காருவார், அம்மா பித்தளைச் செம்பை நீட்டுவார். இப்படியே நாலு நாள் லேட்டாகப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக் கொண்டார்.

ஐந்தாம் நாள் நேரமாகிவிட்டதென்று என் தும்மலைக் காதில் வாங்காதவர் போல் நடந்துவிட்டார். அன்று மாலை கையில் கட்டோடு வந்தார். என்ஜின் அடுப்பு வாயைத் திறந்தபோது தீ சீறி முழங்கைவரை சுட்டுவிட்டது.

யாரும் என்னை அடிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "நான் திரும்ப டியூட்டிக்குப் போற நாள்லேருந்து, படி இறங்கற வரைக்கும் இவ என் கண்ணுல படக் கூடாது. சத்தமும் கேக்கக் கூடாது."

எங்கே ஒளித்து வைப்பது? இருந்ததோ ஒரு கூடம், ஒரு அடுப்பங்கரை, பக்கத்தில் ஜன்னலில்லாத ஒரு சாமான் அறை. அந்த அறையில்தான் அம்மாவின் இலவம்பஞ்சு மூட்டைகள் இருந்தன. குவாட்டர்ஸ் கோடியில் நின்ற கெக்காபு மரத்தில் காய் வெடிக்கும் காலத்தில் அம்மா பஞ்சு பொறுக்கி, கொட்டை எடுத்து, தலையணை தைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார். தும்முகிற பிள்ளையைத் தும்மாமல் இருக்கச் சொல்லி விடியற்காலையில் பஞ்சு மூட்டைக்கு நடுவே உட்கார வைத்தார்கள். இப்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. நீலத் துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டு, தும்மல் வெளியே கேட்காமல் காதடைக்க விழுங்கினேன்.

வைத்தியம் வேறு தனியாக நடந்தது. மஞ்சள் கிழங்கைச் சுட்டு மூக்கில் புகை பிடித்தார்கள். நெற்றியில் சுக்குப் பற்று. சளி பிடித்த பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றக் கூடாதென்று சொல்லி இரண்டு மாதம் என் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. லாலான் பூத்தூள் அத்தனையும் எண்ணெய்த் தலையில் ஒட்டிக்கொண்டு, என்னோடு படுத்து என்னோடு எழுந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, "கண்ணு வலியோட ஏன் வந்த? எல்லாருக்கும் ஒட்ட வைக்கவா?" என்று வீட்டுக்கு விரட்டினார். வலி இல்லை சார், அரிப்பு என்றேன். எதிர்த்துப் பேசியதற்கு இரண்டு பிரம்படி மிச்சம்.

சரியாகக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். பக்கத்து வரிசையில் குடியிருந்த டிரசர். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. ஒரு நாள் அம்மா அவர் வீட்டுக்குத் தலையணை கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். வாசலில் நின்று உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"பிள்ளை, இங்க வா. மூக்குக்குள்ள கடிக்குதோ?"

அரிப்பதைத்தான் அவர்கள் கடிக்குது என்பார்கள். தலையாட்டினேன்.

"கண்ணும்? அண்ணாக்கும்?"

அண்ணாக்கு! அத்தனை நாளில் என் அண்ணாக்கைப் பற்றி விசாரித்த முதல் மனிதர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மூக்கின் குறுக்கே விழுந்திருந்த மெல்லிய கோட்டை அம்மாவுக்குக் காட்டினார்.

"இந்தக் கோட்டைப் பாருங்கோ தங்கச்சி. தேய்ச்சுத் தேய்ச்சு விழுந்தது. இது தடிமன் இல்லை. தடிமன், சளி எண்டால் ஒரு கிழமை, பத்து நாளில விட்டிடும். மேல் சுடும், சளி தடிச்சு மஞ்சளாகும். இவவுக்குத் தண்ணியா ஓடுது, காய்ச்சல் இல்லை, கடி நிக்கேல்லை. புல்லுப் பூவின்ர தூள் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது. வெள்ளைக்காரர் இதை ஹே ஃபீவர், புல்லுக் காய்ச்சல் எண்டு சொல்லுவினம். பஞ்சுத் தூசியும் இவவுக்கு ஆகாது போல கிடக்கு."

அம்மா தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "பயப்படுறதுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"தும்மலுக்குப் பயப்பிட வேண்டாம். தலையைக் கழுவுங்கோ, பஞ்சுக்குக் கிட்ட விடாதேங்கோ. ஆனா ஒண்டு. நெஞ்சுக்குள்ள விசில் மாதிரிச் சத்தம் கேட்டால், ஒரு வசனம் முழுசாச் சொல்ல ஏலாமல் பிள்ளை மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், ஒரு நிமிஷமும் நிக்கக் கூடாது. உடுத்த உடுப்போட கெதியா ஆஸ்பத்திரிக்கு ஓடி வாங்கோ. விளங்குதோ?"

அம்மாவுக்கு விளங்கியது. அம்மாவுக்கு விளங்கி என்ன பிரயோஜனம்? ராத்திரி சோறு போட்டுக்கொண்டே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா கையை உதறினார்.

"உடம்பு சுடாத காய்ச்சலாம்! மருந்து கலக்குறவரு, அவரு என்ன டாக்டரா? பொம்பளப் புள்ளைக்கு இல்லாத சீக்குக்கெல்லாம் பேர் வைக்காத. இழுப்புக்காரின்னு ஊருக்குள்ள பேர் வந்துச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்? சளிதான். போயிரும்."

போகவில்லை. நான்தான் போனேன், கிள்ளானுக்கு. அப்பாவின் தங்கை அங்கே இருந்தார். "கொஞ்ச நாள் அங்க கெடக்கட்டும், என் டியூட்டி ஒழுங்கா நடக்கும் லா" என்று அப்பா ரயிலில் கொண்டுபோய் விட்டார். அத்தை வீடு கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடி. கீழே இருந்து மிளகாய், கருவாடு, சணல் சாக்கு வாசனை ஏறி வரும். எனக்கு அந்த வாசனையெல்லாம் தெரிந்தது! அவ்வளவு நாளாக எந்த வாசனையும் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்பதே அங்கேதான் தெரிந்தது. படுக்க வெறும் பாய். ஜன்னலுக்கு வெளியே ஓட்டுக் கூரைகள், புல்லே கண்ணில் படாது. நாலாம் நாளே நீலத் துணி காய்ந்து விறைத்துப் போனது. நான் அதைத் தூக்கி மூலையில் போட்டேன்.

அதற்காவது சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தீர்களா? இரண்டு வாரம் கழித்து அப்பா பார்க்க வந்தார். அத்தை காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"அண்ணே, வந்த நாலு நாளு சும்மா கொஞ்சம் தும்முனா. அப்புறம் ஒண்ணு கெடையாது. சொந்த வீட்டுல மட்டும் அதென்ன தும்மல்? அண்ணிக்கு ஒத்தாசை பண்ண உடம்பு வளையல, பள்ளிக்கூடம் போக மனசு வரல. நடிக்கிறா லா, உங்களுக்குத் தெரியலையா?"

அப்பா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. திரும்பும் ரயிலில் நான் விடவில்லை. "அப்பா, அங்க புல்லு இல்ல, பஞ்சு இல்ல. அதான் வரல. டிரசர் மாமா சொன்னாரே..."

"வாய மூடு."

மூடினேன். இப்போது ஷா ஆலம் என்கிறார்களே, அந்தப் பக்கத்து ரப்பர் காடுகளை எல்லாம் பார்த்தபடி, அழாமல் உட்கார்ந்து வந்தேன். எந்த வீட்டில் வருகிறது, எந்த வீட்டில் வரவில்லை என்பதை ஒரு பெரியவர் ஒரே ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். மருந்தே வேண்டியிருக்காது.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கிய அன்று, ரயில்வே கூலிகள் தண்டவாளத்தோரம் லாலானை வெட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றெல்லாம் வெள்ளைத் தூள். வீட்டுக்குள் நுழைவதற்குள் பதினாறு தும்மல். நான் நடிக்கிறேன் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. மறுநாளிலிருந்து சாமான் அறைக்கு வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

மூன்றாவது காலை. முந்தின நாள் அம்மா ஒரு புது மூட்டையைப் பிரித்திருந்தார். இருட்டில் பஞ்சு முகத்தில் பட்டது. அன்று தும்மல் கொஞ்சம்தான் வந்தது, அதற்குப் பதில் நெஞ்சு இறுகியது. மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விடத்தான் முடியவில்லை. பாதி வழியில் நின்றது. என் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் வெளியே ஏதோ என்ஜின் ஊதுகிறது என்றே நினைத்தேன். பிறகு நான் மூச்சை நிறுத்தியபோது அதுவும் நின்றது.

விசில்! டிரசர் சொன்ன விசில்.

கதவைத் தட்டினேன். "இருடி, அப்பா கிளம்பட்டும்" என்றது அம்மாவின் குரல். அம்மா, மூச்சு வரலை என்று சொல்ல வேண்டும். "ம்மா" என்பதோடு நின்றுவிட்டது. அப்பா பூட்ஸ் கயிற்றைக் கட்டும் சரசரப்பு கேட்டது. கைக்கு ஒரு வெண்கல உருளி அகப்பட்டது. தூக்க பலமில்லை, சாய்த்துவிட்டேன். அது பலகைத் தரையில் விழுந்து உருண்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அம்மா தாழ்ப்பாளைத் திறந்தார். விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தவர், "ஐயோ, உதடு! உதட்டப் பாருங்க!" என்று அலறினார். அப்பா ஆறியும் ஆறாத அந்தக் கையோடே தெருவுக்கு ஓடி ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்து வந்தார். அவர் ஓடின வேகத்தை நான் மறுக்கவில்லை. அந்த மனிதருக்கு என்மேல் உயிர். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் அதிகமாகிறது.

என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். வெளிக்காற்று மூக்கில் பட்டது. தும்மினேன். ஒன்றே ஒன்று.

அப்பா நின்றார்.

"சும்மா வாங்க" என்றார் அம்மா.

"மத்த நாள் மாதிரியா? உசுரு விஷயம்டி! சகுனம் சரியில்லாம எப்படிக் கொண்டுபோறது? தண்ணி கொண்டா."

திரும்பினார். என்னை முன்வாசல் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். செம்பு வந்தது. அவர் ஒரு வாய் குடித்தார். அம்மா ஒரு வாய் குடித்தார். நானும் போகிறவள்தானே, நானும் குடிக்க வேண்டுமாம்! செம்பை என் வாயில் வைத்தார்கள். மூச்சே விட முடியாதவள் எதை விழுங்குவது? தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஓடியது. "ஒரு வாய்தாம்மா, ஒரே ஒரு வாய்" என்று அப்பா கெஞ்சினார். அம்மா பிடித்திருந்த செம்பு என் பல்லில் இடித்தது.

ரிக்‌ஷாக்காரர் சீனர், வயதானவர். வண்டிக் கம்பைப் பிடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "செப்பாட் லா!" என்று மலாயில் சீக்கிரம் வரச் சொல்லிக் கத்தினார். அப்பா கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவர் கம்பைக் கீழே போட்டார், படியேறி வந்தார், அப்பாவின் பக்கத்திலிருந்து என்னைப் பிடுங்காத குறையாகத் தூக்கி வண்டியில் போட்டார், ஓடத் தொடங்கினார். தும்மலாவது சகுனமாவது, அவருக்கு என்ன தெரியும்? புண்ணியவான்! அப்பாவும் அம்மாவும் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். அம்மா கையில் செம்பு அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு திறந்தது. அந்த முதல் முழு மூச்சின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, பினாயில் வாசனையோடு. அன்று டிரசருக்குத்தான் டியூட்டி. கட்டிலோரம் நின்று அப்பாவிடம் கேட்டார்: "உதடு நீலமாகி எவ்வளவு நேரம்?"

"பாத்த உடனே தூக்கிட்டு வந்துட்டோம் சார்" என்றார் அப்பா.

எனக்குப் பேச்சு வந்துவிட்டிருந்தது. மூன்று மாதத்து ஆத்திரம் எல்லாம் தொண்டைக்கு வந்தது. "இல்ல, நாங்க உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தோம்" என்றேன். நடுவில் மூச்சு வாங்காமல், முழுசாக.

டிரசர் அப்பாவைத் திட்டவில்லை. சுடுபட்ட கையைப் பார்த்தார், அம்மாவின் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். "முழு வசனம் சொல்லிப் போட்டா. இனிப் பயமில்லை" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் பஞ்சு மூட்டைகள் வீட்டை விட்டுப் போயின. அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றினார். புல் பூக்கும் மாதங்களில் தும்மல் வரத்தான் செய்தது, விசில் வரவில்லை.

அப்பா ஊருக்குச் சொன்ன கதை வேறு. "நல்லவேளை, அன்னிக்கு நான் சகுனம் பாத்து உக்காந்து போனேன். இல்லன்னா எம் பொண்ணு பொழச்சிருக்க மாட்டா." கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னார், கோயிலில் சொன்னார், என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொன்னார்! மணவறையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாகும்வரை அந்தக் கதையை அவர் மாற்றவில்லை, நான் தப்பு பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அப்பா டியூட்டிக்குக் கிளம்பினார். நான் கூடத்தில்தான் இருந்தேன், யாரும் ஒளித்து வைக்கவில்லை. அவர் படியில் கால் வைத்ததும் தும்மினேன். அம்மா பழக்கத்தில் செம்பை எடுத்துவிட்டார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"மூச்சு விட முடியுதா?"

"ம்."

"ம்-முன்னா? முழுசாச் சொல்லு."

"முடியுதுப்பா, நான் நல்லா மூச்சு விடுறேன்."

உட்காராமல் போய்விட்டார். அம்மா நீட்டிய செம்பு நீட்டியபடியே இருந்தது. நான் கல்யாணமாகிப் போகும்வரை, புல் பூக்கிற ஒவ்வொரு காலையிலும் என்னிடம் ஒரு முழு வாக்கியம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அப்பா படி இறங்கினார்.